வியாழக்கிழமை அரை மணி நேரம்

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா? ஈரத்துணி மூட்டையைத் தனியாகத் தூக்காதே, கூட ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொள்.

போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் விடுதி வராந்தாவில் போன் மணி அடித்தால் பன்னிரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

உன் மகள் வாயாடி மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு வருஷம் விட்டதால் அவளுக்குக் கீழ் வகுப்பில் இருந்த பிள்ளைகளோடு உட்காருகிறாள். அது பரவாயில்லை. குழந்தை உருண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஐந்து மாதம் முடிந்தது, தொடையில் மூன்று மடிப்பு. புட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உதட்டில் வைத்தால் துப்புகிறாள். மதியம் வாயாடி பின்வாசல் வழியாக ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு ஓடுகிறாள். இந்தப் புதுத் தெருவில், நாம் பேசி முடிவு செய்தபடி, உருண்டை என் பிள்ளை என்றுதான் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டம் முடிந்து வந்தால் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் வருகிறார். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவர் முகத்தில் இப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை.

இப்போது விஷயம். பள்ளியில் கவுன்சலிங் டீச்சர் என்று ஒருத்தி இருக்கிறாள். போன வாரம் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, "குழந்தையை வியாழக்கிழமை கடைசி பீரியடுக்குக் கூட்டிட்டு வர்றீங்களா? அவளோட அரை மணி நேரம் இருக்கட்டும்" என்றாள். வாயாடி ஒரு வருஷம் வராததற்கு மஞ்சள் காமாலை என்றுதானே பள்ளியில் எழுதிக் கொடுத்தோம்? இவளுக்கு யார் சொன்னது? நான் பிடி கொடுக்காமல், "யாரு குழந்தை?" என்று கேட்டேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

என்ன செய்ய என்று சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி


ஜூன் 30

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இடுப்பு அப்படியேதான் இருக்கிறது, பழகிவிட்டது. மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா?

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில், உலர்த்தும் எந்திரத்துக்குப் பின்னால் நின்று படித்தேன். அங்கேதான் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழந்தையை அங்கே கொண்டு போகாதே. சும்மா வந்து நலம் விசாரிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அரை மணி நேரம் என்பாள், நாளைக்கு ஒரு அறிக்கை எழுதுவாள், அடுத்த நாள் எங்கிருந்தோ இரண்டு பேர் பைலோடு வந்து, "இந்த வீட்டில் குழந்தை வளரக் கூடாது" என்பார்கள். இங்கே பிரசவ வார்டில் அப்படி நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்தத் தொட்டில் துணியை நான்தான் துவைத்தேன்.

வாயாடிதான் உளறியிருப்பாள். அவளைத் திட்டாதே, ஆனால் கேள். அந்தப் பையனைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதே. அவன் கதை முடிந்தது.

அந்த டீச்சர் எங்கிருந்து வந்தவள், பிள்ளைகுட்டி உண்டா, யாருக்கு வேலை செய்கிறாள் என்று விசாரித்து எழுது. இங்கே அறையில் இருப்பவர்களுக்கு, தங்கச்சிக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று சொல்லி இனிப்பு கொடுத்தவள் நான். அதை ஞாபகம் வைத்துக்கொள்.

எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாருக்கும் குறையில்லை. நீயும் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ கொண்டு போகாதே என்றாய். ஆனால் நான் போகாவிட்டால் வாயாடியே தூக்கிக்கொண்டு போய்விடுவாள் போலிருந்தது. அதற்கு நான் போய் ஆழம் பார்ப்பது மேல் என்று போனேன்.

விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. பழைய பந்து வாடை. ஒரே உயரத்தில் மூன்று நாற்காலி, தரையில் ஒரு பாய், ஒரு டப்பா நிறைய மரக்கட்டை. ஜன்னல் கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருக்கிறாள். எதை மறைக்க? நான் அதைத்தான் முதலில் கேட்டேன்.

"வெளியே இருந்து யாரும் பார்க்கக் கூடாதுன்னுதான்," என்றாள்.

"அப்படிப் பார்க்கக் கூடாதது இங்க என்ன நடக்குது?"

அவள் வாயாடியைப் பார்த்து, "குழந்தை நேத்து நல்லா தூங்குச்சா?" என்று கேட்கிறாள். தூங்க வைத்தது நான். குத்துக்கல் மாதிரி எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், கேள்வி அவளுக்குப் போகிறது. அப்புறம் என்னைப் பார்த்து, "சித்தி, நீங்க கொஞ்ச நேரம் வெளியே டீ குடிச்சிட்டு வாங்களேன்," என்றாள். இவளுக்கு நான் எப்போது சித்தி ஆனேன்? டீயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கதவுக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

போகும்போது ஒரு தாள் கொடுத்தாள். ஒரு வாரம், குழந்தைக்கு என்ன, எத்தனை மணிக்கு, யார் செய்தது என்று கட்டம் போட்டிருக்கிறது. வாயாடியின் படிப்பு நேரத்தை அதை வைத்துப் பிரிக்கப் போகிறாளாம். காதில் பூ சுற்றுகிறாள். வாயாடி சரியாகப் பார்ப்பதில்லை என்று சாட்சி சேர்க்கிறாள். நானா ஏமாறுவேன்? நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன், பார். குழந்தைக்கு ஒரு குறை உண்டா என்று யாரும் கேட்க முடியாது.

அந்த டீச்சருக்குப் பிள்ளை இல்லையாம். விசாரித்துவிட்டேன். அதையும் யோசித்துப் பார்.

உன் தங்கச்சி


ஆகஸ்ட் 19

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நலம்தானே?

தாளைப் பார்த்தேன். மூன்று வாரம் தலையணைக்கு அடியில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

எங்கள் சலவைக்கூடத்திலும் இப்படித்தான். ஒவ்வொரு வார்டு மூட்டைக்கும் ஒரு தாள், யார் எண்ணியது, யார் துவைத்தது என்று கட்டம். உண்மையில் வேலை செய்தவளின் தாளில் ஈரம் பட்டிருக்கும், இரண்டு பேனா மாறியிருக்கும், அடித்துத் திருத்தியிருக்கும். செய்யாதவளின் தாள்தான் ஒரே பேனாவில், ஒரே மூச்சில், சுத்தமாக இருக்கும். ஆறு வருஷமாகப் பார்க்கிறேன்.

உன் தாள் ரொம்பச் சுத்தம்.

ஏழு நாளும் அதிகாலை ஐந்து மணிக்குப் பால் கொடுத்தது நீ என்று போட்டிருக்கிறாய். எப்படியடி? புட்டியைத் தொட மாட்டேன் என்கிறாள் என்று ஜூன் மாதம் எழுதியது நீதானே. குளிப்பாட்டியது நீ, தூங்க வைத்தது நீ, பால் கொடுத்ததும் நீ. ஒரு கட்டத்தில்கூட என் மகள் இல்லை. குழந்தை பக்கத்தில் அவள் வருவதே இல்லையா, அல்லது நீ வர விடுவதில்லையா?

சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதே. சரி, சந்தேகம்தான் படுகிறேன். ஜூன் மாதத்திலிருந்து வாயாடி கையெழுத்தில் எனக்கு ஒரு வரி வரவில்லை. போனில் பேசினால், "நல்லா இருக்கேம்மா" என்பதோடு நிறுத்துகிறாள். பக்கத்தில் நீ நிற்கும் மூச்சு கேட்கிறது. அவளை எழுதச் சொல்.

அக்கா


அக்டோபர் 3

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எனக்கு ஜுரம், பிறகு உருண்டைக்குச் சளி. பள்ளிச் சீருடை தைக்கும் வேலையும் குவிந்து கிடந்தது. நூற்று இருபது பாவாடை. இப்போது எல்லோரும் தேறிவிட்டோம்.

வாயாடிக்கு எழுத நேரமில்லை. எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் அந்த டீச்சர் வேலை. வியாழக்கிழமை போய் வந்தால் அன்று ராத்திரி என்னோடு பேச்சே கிடையாது. நீ பள்ளிக்கு ஒரு கடிதம் போட்டு அந்த வியாழக்கிழமை வேலையை நிறுத்தச் சொல். இந்த வருஷம் பரீட்சையும் வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உடம்பு தேறட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

நல்ல செய்தியும் உண்டு. உருண்டை பேச ஆரம்பித்துவிட்டாள். நேற்றுத் தையல் மெஷின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று என்னைப் பார்த்து, "ம்மா," என்றாள். வாயாடியை அக்கா என்று சொல்லப் பழக்குகிறேன். அது இன்னும் வாயில் வரவில்லை.

உடம்பைக் கவனி.

தங்கச்சி


அக்டோபர் 21
(பள்ளி முகவரிக்கு)

என் கண்ணு வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நன்றாகச் சாப்பிடுகிறாயா? தலைமுடி கொட்டுவது நின்றதா?

இதைக் கவுன்சலிங் டீச்சர் பெயர் போட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறேன். டீச்சர் அம்மா, நீங்கள் இதைப் பிரித்திருந்தால், பிரித்தேன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் வீட்டு முகவரி மேல் அதைவிடக் குறைவாக இருக்கிறது.

மகளே, எனக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தி எழுதுவதில் பாதிதான் வருகிறது என்று நினைக்கிறேன். அந்த அறையில் என்ன நடக்கிறது? அவர்கள் உன்னிடம் என்ன கேட்கிறார்கள்? எதிலாவது கையெழுத்துப் போட்டாயா? உள்ளது உள்ளபடி எழுது. நான் கோபப்பட மாட்டேன். பட்டாலும் இவ்வளவு தூரத்திலிருந்து அடிக்க முடியாது.

பின்பக்கம் என் முகவரி இருக்கிறது.

அம்மா


நவம்பர் 5

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முடி இன்னும் கொட்டுகிறது.

டீச்சர் பிரிக்கவில்லை. நான் பிரித்துப் படித்துவிட்டு அவர்களைப் பற்றி நீ எழுதியதை மட்டும் காட்டினேன். "உங்கம்மா நியாயமாத்தான் சந்தேகப்படறாங்க" என்றார்கள்.

உனக்கு நான் நான்கு கடிதம் எழுதினேன். தபாலில் போடச் சொல்லிச் சித்தியிடம் கொடுத்தேன். உன் முகவரியைச் சித்தி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தது, அதனால் வேறு வழியில்லை. பரீட்சைப் படிவத்தை டீச்சர் இரண்டு தடவை உனக்கு அனுப்பக் கொடுத்தார்கள். அதையும் சித்தி வாங்கிக்கொண்டது. நீதான் பதில் போடவில்லை என்று இத்தனை நாள் நினைத்தேன். நீ வெட்கப்பட்டுப் பேசாமல் இருக்கிறாய் என்று நினைத்தேன்.

டீச்சருக்கு நான்தான் சொன்னேன். பள்ளி திறந்த இரண்டாவது நாள் வகுப்பில் பால் கட்டிச் சட்டை நனைந்துவிட்டது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மைதானத்துக்குப் பின்னால் போய் நின்றேன். டீச்சர் பின்னாலேயே வந்து அறைச் சாவியைக் கொடுத்தார்கள். அதற்கு அப்புறம்தான் சொன்னேன்.

அந்த அறையில் ஒன்றும் நடப்பதில்லை அம்மா. உருண்டையைப் பாயில் விடுவார்கள், நான் பக்கத்தில் உட்காருவேன். கட்டையை அடுக்குவேன், அவள் தட்டிவிடுவாள். டீச்சர் மூலையில் அவர்கள் வேலையைப் பார்ப்பார்கள். வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் நான் அவளுக்கு அம்மா. வீட்டில் நான் அவளைத் தூக்கினால் தெருக்கதவு திறந்திருக்கிறதா என்று சித்தி முதலில் பார்க்கும்.

சித்தி கெட்டது இல்லை. உருண்டைக்கு ஜுரம் வந்தபோது மூன்று நாள் தூங்கவில்லை. எனக்கும் அதுதான் சமைத்துப் போடுகிறது. அதனால்தான் எனக்குச் சண்டை போடத் தெரியவில்லை.

படிவத்தில் இரண்டு இடத்தில் உன் கையெழுத்து வேண்டும். ஒன்று, நான் பரீட்சை எழுத. இன்னொன்று, நடுவில் கால் மணி நேரம் வெளியே வந்து குழந்தைக்குப் பால் கொடுக்க. மூன்று மணி நேரம் என்னால் முடியாது, போன மாதிரித் தேர்வில் வலியில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் 'மாணவியின் குழந்தை' என்று அச்சடித்திருக்கிறது. நீ அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். நவம்பர் 30 கடைசி. படிவம் இதோடு இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உருண்டை சித்தி பிள்ளை என்று முடிவு செய்தபோது, நீயும் பிரசவ அறையில் இருந்தாயா? எனக்கு அப்போது மயக்கம், சரியாக ஞாபகம் இல்லை.

வாயாடி


நவம்பர் 16

தங்கச்சிக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

நான்கு கடிதமும் படிவமும் எங்கே என்று கேட்கப் போவதில்லை. பீரோவில் இருக்கும். கிழித்துப் போட்டிருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும்.

உன்னைத் திட்டி எழுதிய கடிதம் இரண்டைக் கசக்கிப் போட்டுவிட்டேன். ஏனென்றால் பிரசவத்துக்கு லீவில் வந்து அந்த அறையில் நானும் இருந்தேன். உன் கையைப் பிடித்து, "இதை உன் பிள்ளைன்னு சொல்லிடுடி, என் பொண்ணு வாழ்க்கை போயிடும்" என்று கெஞ்சியது நான். நீயாகக் கேட்கவில்லை. நான்தான் உன் மடியில் தூக்கி வைத்தேன். பதினொரு வருஷம் காத்திருந்தவள் மடியில் குழந்தையை வைத்துவிட்டு, இது சும்மா ஊருக்குச் சொல்வதற்குத்தான் என்று சொன்னால் யாரால் முடியும்? அது நான் உனக்குச் செய்த பாவம்.

ஆனால் ஒன்று. வாயாடியையும் பதினோரு வயதிலிருந்து நீதான் வளர்த்தாய். ஒரு நாளும் உன்னை அம்மா என்று கூப்பிடச் சொன்னதில்லை. "சாயங்காலம் உங்கம்மா போன் பண்ணுவா, மூஞ்சி கழுவிட்டு வா" என்று சொல்லி உட்கார வைப்பாய். எனக்குக் காட்டிய நியாயத்தை அவளுக்கு ஏன் காட்டவில்லை?

இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டுப் பள்ளிக்கே அனுப்பிவிட்டேன். அன்று சாயங்காலம் விடுதி அறையில் இருப்பவர்களிடம், "எனக்குப் பேத்தி இருக்கு" என்று சொன்னேன். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி மறுபடியும் இனிப்பு கேட்டாள். உலகம் முடிந்துவிடவில்லை.

பரீட்சை அன்று குழந்தையோடு வீட்டிலிருந்து ஒரு பெரியவர் போய் வராந்தாவில் இருக்க வேண்டுமாம். எனக்கு லீவு கிடையாது. உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை. போவதும் போகாததும் உன் இஷ்டம்.

அக்கா


டிசம்பர் 29

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம்.

தங்கச்சி


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உருண்டைக்கு நாலு பல். உன் இடுப்பு வலிக்கு நான் அனுப்பிய தைலத்தைப் போட்டாயா, அல்லது அறையில் உள்ளவர்களுக்குத் தானம் பண்ணிவிட்டாயா?

இரண்டு மாதம் உன்னோடு பேசக் கூடாது என்றிருந்தேன். அந்த டீச்சரோடு இன்னமும் பேசுவதில்லை. அவள் நல்லவள் என்று வாயாடி சொல்கிறாள், இருக்கட்டும். எனக்கு அவள் சிரிப்பு பிடிக்கவில்லை, பிடிக்கவும் போவதில்லை.

நேற்றுதான் முதல் பரீட்சை. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வரை நான் போவதாக இல்லை. வாயாடியும் கேட்கவில்லை. அந்த டீச்சரே வந்து தூக்கிப் போவதாகச் சொல்லியிருந்தாளாம். காலையில் அவள் வாசலில் வந்து நின்றதும் எனக்கு என்ன ஆனதோ, "எங்க வீட்டுப் பிள்ளையைத் தூக்க எங்களுக்குக் கை இல்லையா?" என்று கேட்டுவிட்டு, மாற்றுத்துணிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். மற்ற பிள்ளைகளைக் கொண்டுவிட வந்தவர்கள் மரத்தடியில் நின்றார்கள். நம் தெருக்காரர்கள் மூன்று பேர். "என்ன, பொண்ணை இப்பவே ஸ்கூல்ல சேர்க்க வந்துட்டீங்களா?" என்று ஒருத்தி கிண்டல் பண்ணினாள். நான் சிரித்து வைத்தேன்.

பத்தரை மணிக்குத்தான் வாயாடி வெளியே வரலாம். பத்து இருபதுக்கே உருண்டை ஆரம்பித்துவிட்டாள். தோளில் போட்டேன், நடந்தேன், சாவிக்கொத்தை ஆட்டினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "ம்மா, ம்மா," என்று கத்துகிறாள். மரத்தடி முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. பரீட்சை அறையிலிருந்து மேற்பார்வைக்காரர் வேகமாக வெளியே வந்தார். பென்சிலை ஆட்டிக்கொண்டு, "பிள்ளைங்க எழுதறாங்க இல்ல? யாரும்மா இந்தக் குழந்தையோட அம்மா?" என்றார்.

அக்கா, என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகிய பதில். குழந்தையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லியிருந்தால், வெளியே கூட்டிப் போங்கள் என்று அனுப்பியிருப்பார், நானும் வீட்டுக்கு வந்திருப்பேன். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

அறைக்குள் பார்த்தேன். வாயாடி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை நீட்டிக் காட்டினேன். "மூணாவது வரிசை, ஜன்னல் ஓரம். அதோ இங்கேயே பார்த்துட்டு இருக்காளே, அவதான்."

"அப்ப நீங்க?"

"நான் அவளுக்குச் சித்தி," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். மரத்தடிக்குக் கேட்டிருக்கும்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார், பத்து நிமிஷம் முன்னாலேயே அவளை விட்டுவிட்டார். ஓடி வந்தாள். குழந்தையை என்னிடமிருந்து வாங்கும்போது என் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டாள். அந்த டீச்சர் அறைக்குள் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்து மறுபடி எழுதினாள். நன்றாக எழுதியிருக்கிறாளாம்.

நான் அழுதேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நகர்ந்து உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது தெரு வழியாகத்தான் வந்தோம், பின்வாசல் வழியாக இல்லை. குழந்தையை அவள்தான் தூக்கிக்கொண்டு நடந்தாள். எனக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் புத்தகப் பையை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தங்கச்சி